மரணத்துக்குச் சங்கம் உண்டு, நோய்க்கு?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வம் கைவிட்டுப் போகும் நாளில் மற்றச் செல்வங்களும் அதன் பின்னாலேயே போய்விடுவதை நாம் அயலில் கண்டிருக்கிறோம். மாதச் சம்பளம் பெறுவோர் வீட்டில் இது மெல்ல நிகழும். தமக்குத் தாமே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருந்து பிழைப்போர் வீட்டிலோ, நோய் கண்ட மறுநாளே அடுப்பு அதை அறிந்துகொள்கிறது. அத்தகையோரைக் குறித்தே இவ்வாரம் வாசக நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

அவர்கள் யாவர்? பதுளைக் கடைவீதியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர். பண்டாரவளையில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். வெலிமடைப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் கோவாவும் உருளைக்கிழங்கும் பயிரிடுபவர். பசறை, லுணுகலை, நமுனுகுலைத் தோட்டங்களில் லயத்து வாசலில் சிறு கடை வைத்திருப்பவர். மாடு வளர்த்துப் பால் விற்கும் தாய்மார். இவர்களிற் பலர் தோட்டத்தில் பேர் பதிந்து உழைத்தவர்களின் பிள்ளைகள். அண்மை ஆண்டுகளில், தேயிலை மலையைத் துண்டுகளாகக் குடும்பங்களிடம் ஒப்படைத்து, கொழுந்தின் நிறைக்கேற்பப் பணம் கொடுக்கும் முறையையும் கம்பனிகள் சில கைக்கொண்டுள்ளன. நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவர், இன்று அதே மலையில் அதே கொழுந்தைப் பறித்தவாறே சுயதொழிலாளி ஆகிவிடுகிறார்.

தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். வேலை குறைந்தால் அது 'அரைப் பேர்'. அந்தப் பேரோடு கூடி வருபவை பல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 12. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 3. ஐந்தாண்டுச் சேவையின் பின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பணிக்கொடை. பேர் இல்லாதவருக்கு இவை எவையும் தாமாக வந்து சேரா. அவருக்காகப் பணம் கட்டவும், நோயுற்றால் படிவத்தில் கையொப்பமிடவும் முதலாளி என்று ஒருவர் இல்லை.

"அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் அன்றோ?" என்று சிலர் கேட்கலாம். உண்மையே. ஆயினும் குடும்பத்தைச் சாய்ப்பது டாக்டரின் கட்டணமன்று. கிளினிக்குக்குப் போகும் நாளின் வருமானம் போகிறது. துணைக்குப் போகும் மனைவியின் கூலியும் உடன் போகிறது. புற்றுநோய்க்கென மகரகமை வரை செல்ல நேர்ந்தால் பயணச் செலவும் தங்கும் செலவும் சேர்கின்றன. வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்கவேண்டும். இத்தனைக்கும் நடுவில் முச்சக்கர வண்டியின் மாதத் தவணை நிற்பதில்லை.

இதன் விளைவு பணத்தோடு முடிவதில்லை. காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்ண வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் தணிந்ததும், "இனித் தொழிலைப் பார்ப்போம்" என்று மருந்தை விட்டுவிட்டால், நோய் முன்னிலும் வலிமை பெற்று, மருந்துக்கு அடங்காமல் மீளக்கூடும். மார்பிற் கட்டியைக் கண்ட தாய், "மரக்கறி விற்று முடியட்டும்" என்று நாளைத் தள்ளுகிறாள். அறியாமையால் மட்டும் இவர்கள் இவ்வாறு செய்வதாக எண்ணுதல் தவறு. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் பட்டினி என்ற கணக்கை அவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

அரசின் உதவிகள் இல்லாமலில்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றம், புற்றுநோய் போன்றவற்றின் சிகிச்சைச் செலவுக்கு உதவுகிறது. முன்னர் இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் வறிய சிறுநீரக நோயாளர்க்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. அது 2025 ஏப்ரலில் மாதம் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நம் மாவட்டத்திலேயே மகியங்கனை, கிராந்துருகோட்டைப் பகுதிகளில் கமக்காரரை வாட்டும் அந்நோயை நினைத்தால் இது வேண்டிய உதவியே. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபை, சுயதொழில் செய்வோருக்கு ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் சுயதொழிலாளர் தாமே பணம் கட்டி அங்கத்தவராகலாம்.

முன்பு தோட்டத்திலோ கடையிலோ வேலை செய்தவர்கள் இன்னொன்றையும் மறத்தலாகாது. இனி வேலை செய்யவே இயலாது என்று வைத்தியர் சான்று தரும் நிலை வந்தால், உரிய வயது வருமுன்னரே சேமலாப நிதியிலுள்ள தம் பணத்தைக் கோரலாம். பழைய அங்கத்துவ இலக்கத்தைக் குறித்த துண்டை எறிந்துவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஓரிடம் வெறுமையாகவே நிற்கிறது. ஜனாதிபதி நிதியம் சத்திரசிகிச்சைக்கு உதவும்; ஓய்வூதியத் திட்டம் முதுமைக்கு உதவும். நாற்பது வயதுத் தையற்காரர் சிகிச்சை பெற்று மீண்டு வரும் அந்த நான்கைந்து மாதங்களுக்கு அரிசியும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் எங்கிருந்து வரும்? இந்த இடைக்காலத்துக்கே வழி காண வேண்டும்.

வழிக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் தோட்டங்களில் மரணாதார சங்கம் இருக்கிறது. மாதந்தோறும் சிறு சந்தா. ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அன்றைக்கே பணமும், கூடாரமும், நாற்காலியும், பிரேதம் தூக்க ஆளும் வந்து சேரும். எவரும் அதைப் பிச்சையென்று கருதுவதில்லை. இத்தனை ஒழுங்காக இறந்தவரை வழியனுப்பும் நாம், பிழைக்கக்கூடிய ஒருவர் மூன்று மாதம் படுக்கையிற் கிடக்கும்போது ஹோர்லிக்ஸ் போத்தலோடு பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

பிற நாட்டார் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் சுயதொழிலாளருக்கென அரசு நடத்திய கட்டாயக் காப்புறுதி 2004இல் நிறுத்தப்பட்டது. தனியார் காப்புறுதியோ பலருக்கு எட்டாத விலை. 2006 முதல் அங்குள்ள தச்சரும் தோட்ட வேலைக்காரரும் பிறரும் ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுக்களாகக் கூடினர். ஐம்பது பேருக்கு மேற்படாத அக்குழுக்களுக்கு 'ரொட்டி நிதி' என்று பொருள்படும் பெயரிட்டனர். மாதந்தோறும் பணம் ஒதுக்கிவைப்பர். ஒருவர் நோயுற்றால் மற்றவர்கள் தத்தம் பங்கிலிருந்து அவருக்கு அன்பளிப்பாக வழங்குவர். இவ்வுதவி இரண்டாண்டு வரை தொடரும். இந்தியாவில், அகமதாபாத்தில் 1972இல் இலா பட் அம்மையார் தோற்றுவித்த சுயதொழில் மகளிர் சங்கம், 1992 முதல் தன் அங்கத்தவருக்குக் காப்புறுதி நடத்திவருகிறது. தெருவில் மரக்கறி விற்கும் பெண்களும் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள்.

நம் கணக்கைப் பார்ப்போம். முப்பது பேர் மாதம் 200 ரூபா வீதம் போட்டால் மாதம் 6,000. ஆண்டுக்கு 72,000 ரூபா. ஓராண்டில் இருவர் மூன்று மாதம் வீதம் படுத்து, ஒவ்வொருவருக்கும் மாதம் 10,000 கொடுத்தாலும் செலவு 60,000 தான். 12,000 ரூபா மிஞ்சும். பத்தாயிரத்தில் ஒரு குடும்பம் செழிக்காது. ஆனால் வண்டியை விற்காமலும், வட்டிக் கடையில் தோட்டை வைக்காமலும், மருந்தை நடுவில் விடாமலும் இருக்க அது கைகொடுக்கும்.

சில ஒழுங்குகள் மட்டும் வேண்டும். மரணாதாரப் பணத்தோடு இதைக் கலத்தலாகாது. தனி வங்கிக் கணக்கும், இருவர் கையொப்பமும் இருக்கட்டும். முதலாண்டில் பணம் சேர்ப்பதே நலம். எந்த நோய்க்கு, எத்தனை மாதம், எவ்வளவு என்பதை எல்லாரும் உடல்நலத்தோடு இருக்கையிலேயே எழுதிவைக்க வேண்டும். ஒருவர் படுத்த பின் பேசினால் முகதாட்சணியம் குறுக்கே நிற்கும். கிளினிக் கொப்பியே சான்றாகட்டும். ஆனால் நோயின் பெயர் குழுவுக்கு வெளியே போகலாகாது. கணக்கைப் பெண்கள் வைத்திருந்தால் இன்னும் நன்று. சீட்டுப் பிடித்து நடத்தும் திறமை அவர்களுக்குப் புதிதன்று.

இதனால் அரசின் கடமை குறைந்துவிடாது. சிறுநீரக நோயாளர்க்குத் தனிக் கொடுப்பனவு தருவது போல், புற்றுநோயாலும் இருதய நோயாலும் உழைப்பிழந்த வறிய சுயதொழிலாளர்க்கும் சிகிச்சைக் காலத்துக்கேனும் ஒரு தொகையை வரையறுக்கலாம். மலையைத் துண்டாக்கிக் கொடுக்கும் கம்பனிகள், பேரோடு போய்விட்ட பாதுகாப்புக்கு ஈடாக என்ன தருகின்றன என்று கேட்பது தொழிற்சங்கங்களின் பொறுப்பு.

அந்தக் கேள்விகளுக்கு விடை வரும்வரை நோய் காத்திராது. மரணாதார சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், "உயிரோடு இருப்பவருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?" என்று எவரேனும் ஒருவர் எழுந்து கேட்பாராயின், அத்தோட்டத்துக்கு அதுவே நல்ல தொடக்கம்.