குடை, செருப்பு, செல்போன்

போடியில் நடந்த எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் நான் பேசியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்காகத்தான் இந்தத் தலையங்கம். பேசியது பலர் முன்னால். திரும்பப் பெறுவதும் பலர் பார்க்க நடப்பதுதான் முறை.

கூட்டத்தின் தலைப்பு ‘நுகர்வுப் பண்பாடும் ஒடுக்கப்பட்ட மக்களும்’. வழக்கம்போல்தான் ஆரம்பித்தேன். 2024 செப்டம்பர் 20 அன்று அய்போன் 16 வாங்குவதற்காக மும்பையிலும் டெல்லியிலும் கடை வாசலில் வரிசை கட்டி நின்ற கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வரிசையில் விலை குறைந்த போனே 79,900 ரூபாய். போன வருடம் வாங்கியது கெட்டுப்போகவில்லை. பேச முடிகிறது, படம் எடுக்க முடிகிறது. ஆனாலும் அது ‘பழசு’ ஆகிவிடுகிறது. பழசாக்குவதுதான் கம்பெனிக்காரனுடைய உண்மையான உற்பத்தி என்றேன். கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் பேசுகிறவனுக்கு நாக்கு நீளும். முன்வரிசையில் ஒரு தம்பி, இருபது வயதிருக்கும், மடியில் புதுப் போன் வைத்திருந்தான். அவனைக் காட்டி, “தம்பி கையில இருக்கிறது போன் இல்ல, மாசத் தவணையில வாங்குன விலங்கு” என்றேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவன் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். கூட்டம் முடியும்வரை தலை நிமிரவில்லை. (நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என் போன் இரண்டு முறை அடித்தது. அதை யாரும் விலங்கு என்று சொல்லவில்லை.)

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது அவனுடைய அம்மா வந்தார். மலையில் காய் எடுத்துவிட்டு, ஜீப்பில் இருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார். கையில் தூக்குவாளி. சேலைக் கரையில் தோட்டத்து மண் இன்னும் ஈரமாக இருந்தது. கோபமாகவும் பேசவில்லை.

“தம்பி, நல்லாத்தான் பேசுனீக. அந்தப் போன வாங்கிக் குடுத்தது நாந்தான். பட்டன் போன வச்சுக்கிட்டு மேல வேலைக்குப் போயிக்கிட்டிருந்தான். ஸ்டோர்ல கணக்கு எழுதுற ஆளு, ‘ஒங்க ஆளுகளுக்கு இது போதும்டா’ன்னு சிரிச்சிருக்கான். இவன் வந்து ரெண்டு நாளு சரியாச் சோறு திங்கல. சரின்னு தவணையில வாங்கிக் குடுத்தேன். இப்ப அதே ஆளு ‘எங்கடா களவாண்ட’ங்குறான். இங்க வந்தா நீங்க விலங்குங்குறீக. ஆளாளுக்கு அவன் கையத்தான பாக்குறீக?”

பதில் என்னிடம் இல்லை. “தப்புத்தான்க்கா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் கேட்ட கேள்விக்கான பதில் நம் வரலாற்றிலேயே கிடக்கிறது. நாம்தான் அதை மேடைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் மாராப்புப் போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

இந்த எட்டிலும் நிலம் இல்லை, கூலி இல்லை, படிப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே உடம்பில் போடுவதும், கையில் பிடிப்பதும், வீட்டில் புழங்குவதும்தான். அடுத்த ஆண்டு, 1931 ஜூனில், பட்டியல் பதினொன்றாக நீண்டபோதுதான் விசயம் வெளியே வந்தது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாரருக்கே விற்றுவிட வேண்டும், காலையில் இருந்து மாலை வரை அவர்கள் சொன்ன கூலிக்கு உழைக்க வேண்டும். குடையில் ஆரம்பித்தது கூலியில் வந்து நின்றது. குடை பிடித்தவன் நாளைக்குக் கூலி கேட்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் குடை வேறு, கூலி வேறு என்று தோன்றுகிறது.

1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலின் ஆரம்பத்திலேயே இரண்டு சம்பவங்கள் வரும். அகமதாபாத் மாவட்டத்து ஊர் ஒன்றில் தீண்டப்படாத பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள் என்று தாக்கப்பட்டது ஒன்று. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்ற ஊரில் நம்மவர் ஒருவர் யாத்திரை போய்வந்து விருந்து வைத்தார், அதில் நெய் பரிமாறினார் என்பதற்காகப் பந்தியிலேயே அடித்து விரட்டியது இன்னொன்று. குடமும் அவர்கள் காசில் வாங்கியது, நெய்யும் அவர்கள் காசில் வாங்கியது. தண்ணீருக்கு மண்பானை போதாதா, நெய் இல்லாமல் சாப்பிட முடியாதா என்று அன்றைக்கு ஒரு சிக்கன உபதேசி கேட்டிருந்தால் அவர் யார் பக்கம் நின்றிருப்பார்? 1927 டிசம்பரில் மகத்தில் கூடிய பெண்களிடம் அண்ணல், தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும் பழைய சேலைக்கட்டையும் கனத்த நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். அவர் கோட்டும் சூட்டும் போட்டதை ஆடம்பரம் என்று பேசினவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு அவர் கோட்டைக் கழற்றவில்லை.

இதெல்லாம் அந்தக் காலம் என்பவர்களுக்கு 2012 நவம்பர் 7ஐ நினைவூட்டுகிறேன். தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து வாங்கிச் சேர்த்த வண்டி, பீரோ, டிவி எல்லாவற்றையும் தேடித் தேடி அழித்தார்கள். சில வாரம் கழித்து பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். இராமநாதபுரத்துப் பட்டியலுக்கு எண்பத்திரண்டு வருடம் கழித்து ஒரு பின்னிணைப்பு. 2015 மே மாதம் மகாராட்டிரத்தில் சீரடியில் ஒரு தலித் இளைஞரின் போன் அடித்தது. அண்ணலைப் புகழும் பாட்டு ரிங்டோனாக வைத்திருந்தார். அதற்காக அவரைக் கடத்திப் போய்க் கொன்றார்கள். அங்கே போன் பழசா புதுசா என்று யாரும் கேட்கவில்லை. 1989 செப்டம்பரில் போடியும் மீனாட்சிபுரமும் பட்டதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவில் இருந்து ஜோதிபாசு பேசினார், டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அப்போது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை. வருகிற அழைப்புக்கும் காசு. அது போனது 2003இல்தான். அந்தக் காலத்தில் வெள்ளை வாயில் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி செல்போன் வைத்துக்கொண்டு போடிக் கடைவீதியில் ஏலக்காய் வியாபாரிகள் நடந்தது நம் கண்ணில் நிற்கிறது. அதை யாரும் நுகர்வுப் பண்பாடு என்று கட்டுரை எழுதவில்லை. வசதி என்றார்கள், தொழிலுக்கு வேண்டும் என்றார்கள். அதே பொருள் சேரிக்கு வந்த பிறகுதான் சீரழிவு ஆனது. அதைக் கண்டித்துப் பேச நானும் ஓர் ஆள்.

அப்படியானால் கம்பெனிக்காரனுக்கு வக்காலத்தா என்று இடதுசாரித் தோழர்கள் கேட்பார்கள். இல்லை. கணக்குப் பார்ப்போம். 2015 செப்டம்பரில் மூணாறில் நம் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் ‘பொம்பிளை ஒருமை’யாகத் தெருவில் உட்கார்ந்தார்கள். அதன் தொடர்ச்சியாக அக்டோபர் நடுவில் கேரளத் தோட்டங்களுக்குப் புதுக்கூலி முடிவானது. தேயிலைக்கு 232இல் இருந்து 301 ரூபாய், ஏலத்துக்கு 267இல் இருந்து 330 ரூபாய். அதே வாரத்தில்தான் அய்போன் 6எஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. குறைந்த விலை 62,000. போராடி வாங்கிய புதுக்கூலியில் ஏலத்தோட்டப் பெண் ஒருவர் 188 நாள் காய் எடுத்தால், அந்த 188 நாளும் வீட்டில் அடுப்பே எரியாவிட்டால், ஒரு போன். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. போடியிலும் புத்தடியிலும் ஏலம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. விலை ஏறினால் தோட்டக்காரன் போனுக்கு அந்த நிமிடமே செய்தி வந்துவிடும். அந்த வேகத்தில் கூலி ஏறி நான் பார்த்ததில்லை. அம்மாவின் கையில் இருக்கும் கூலியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் மகன் கையில் இருக்கும் போனைப் பற்றிப் பேசினேன். என் தவறு அதுதான்.

போனைச் செய்கிறவர்களும் நம் பிள்ளைகள்தான். திருப்பெரும்புதூரில் 2006இல் ஆரம்பித்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். 2021 டிசம்பரில், அய்போன் பூட்டுகிற பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேல் மருத்துவமனையில் கிடந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். கடைவாசல் வரிசையைக் காட்டிய அளவுக்கு அந்த மறியலை எந்தச் சேனலும் காட்டவில்லை.

தவணை பற்றிச் சொன்னதை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை. அந்தத் தம்பியிடமே பிறகு கேட்டேன். இரண்டு தவணை தள்ளிப்போனதும் ஒருநாள் காலையில் போன் தானாகப் பூட்டிக்கொண்டதாம். எங்கோ இருந்துகொண்டு பூட்டுகிறான். “ஜீப்புக்காரர் நம்பரும் அதுலதாண்ணே. வேலைக்குக் கூப்புட்டாலும் தெரியல, அன்னைக்குக் கூலியும் போச்சு.” அம்மா கங்காணியிடம் அட்வான்ஸ் வாங்கித் தவணை கட்டினார். இனி அட்வான்ஸ் தீரும்வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. நம் தாத்தாக்களை மலைக்கு ஏற்றியதும் இதே அட்வான்ஸ்தான். மாணவத் தோழர்கள் பேச வேண்டியது இதைப் பற்றி. எவ்வளவு வட்டி, பூட்டுகிற உரிமையை யார் கொடுத்தது, கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது? அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் கல்லூரிப் பிள்ளைகள் அதை வாசித்துச் சொன்னாலே பாதி வேலை முடியும்.

போன் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2020 ஜூன் 1, கேரளத்தில் வீட்டில் இருந்தே படிப்பு ஆரம்பித்த முதல் நாள். மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாவது படித்த ஒரு தலித் மாணவி உயிரை விட்டாள். கூலிக்காரர் வீடு. டிவி ரிப்பேர், நல்ல போன் இல்லை, பாடம் போய்விடுமே என்ற பயம். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மூடின. எழுபது பேர். பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கத்தில் இருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைக்குப் போன நம் சனங்கள். மழையில் கரண்டு இல்லை, டவர் இல்லை. இரவு நடந்தது காலையில்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது, அதுவும் ஆள் நடந்துபோய்ச் சொல்லி. போடிமெட்டு ஏறி இறங்குகிற நமக்கு இது புரியும். எந்தத் திருப்பத்தில் டவர் போகும், எந்தப் பாறைமேல் ஏறினால் கிடைக்கும் என்பது காய் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். லயத்துக்கு டவர் கேட்பது ஆடம்பரமா?

2016 ஜூலையில் குஜராத்தில் உனாவில் நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தவர்கள் அதைத் தாங்களே போனில் படம் எடுத்துப் பெருமையாகப் பரப்பினார்கள். அந்தப் படமே சாட்சியானது. செத்த மாட்டைக் கலெக்டர் அலுவலக வாசலில் போட்டுவிட்டு, ‘இனி நீங்களே தூக்குங்கள்’ என்று நம்மவர்கள் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வந்த 2015 திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிய வேண்டும் என்று அதில் பிரிவு 15ஏ சொல்கிறது. எத்தனை இடத்தில் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

ஒரு சம்பவத்தைப் படம் எடுத்தால் அதை வெட்டாமல் ஒட்டாமல் எப்படி வைத்திருப்பது, தேதியும் இடமும் அழியாமல் எப்படி இன்னொரு போனுக்கு மாற்றுவது என்பதை அடுத்த கூட்டத்தில் அந்தத் தம்பியே சொல்லிக்கொடுக்கப் போகிறான். நான் பின்வரிசையில் உட்காரப் போகிறேன். தவணைத் தாள் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், வழக்கறிஞர் தோழர் ஒருவர் இருப்பார். கூட்டத்தைச் சனிக்கிழமை வைக்க நினைத்திருந்தோம். “ஞாயித்துக்கிழமை வைங்கண்ணே, அன்னைக்குத்தான் ஜீப்பு மலைக்குப் போகாது. அம்மாவும் வரணும்ங்குது” என்றான். ஞாயிறு காலை பத்து மணி, அதே இடம்.