உங்கள் பெயரில் ஒரு மெயில்



திருநள்ளாறு சனீஸ்வரருக்கு அர்ச்சனை செய்ய ஆசை, ஆனால் பாரிஸிலிருந்து கிளம்பி வர முடியவில்லை. இப்படிப்பட்டவர் வேறென்ன செய்வார்? இணையத்தைத்தான் நம்புவார். அந்த நம்பிக்கையைக் காசாக்கிவிட்டார்கள். கோயில் பெயரில் போலி இணையதளம் நடத்திப் பூஜைக்குப் பணம் வாங்கியதாக 2025-இல் காரைக்கால் போலீசார் வழக்குப் பதிந்து கைதும் செய்தார்கள். போன பணத்தைப் பற்றித்தான் ஊரே பேசியது. எனக்கு வேறொரு கவலையும் உண்டு. பூஜைக்குப் பதிவு செய்கிறவர் பெயர், நட்சத்திரத்தோடு போன் நம்பர், மெயில் ஐடி என எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்து விடுகிறாரே, அதெல்லாம் யார் கையில் போய்ச் சேருகிறது?

மெயில் ஐடியை நாம் வெறும் முகவரியாகவே நினைக்கிறோம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று எங்கே அழுத்தினாலும் புதியதை மாற்றிக்கொள்ளும் வழி பெரும்பாலும் அந்த மெயிலுக்குத்தான் வருகிறது. மெயில் போனால் மற்றதும் பின்னாலேயே போகும்.

நம் ஊரில் வயதானவர்கள் பலர் பென்ஷன் விஷயத்துக்காகவோ, பிரான்சில் இருக்கும் பிள்ளைகளுக்காகவோ, "தம்பி, ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடு" என்று பிரவுசிங் சென்டரில் கேட்டு வாங்கியவர்கள். பாஸ்வேர்டு கடைக்காரர் நோட்டில் இருக்கும். மீட்பதற்கான போன் நம்பரும் பல சமயம் அவருடையதாகவே இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நம்பரை உங்களுடையதாக மாற்றிவிடுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போடச் சொல்லுங்கள்.

கணக்குக்குள் புகுந்தவன் செய்யக்கூடிய ஒரு காரியம் பலருக்குத் தெரியாது. உங்களுக்கு வரும் மெயிலின் நகல் தனக்கும் வரும்படி அமைப்பில் ஒரு ஃபார்வர்டு முகவரியைச் சேர்த்து வைப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். ஆகவே அமைப்புகளைத் திறந்து அதையும் தேடி நீக்க வேண்டும். பிறகு உங்கள் பெயரிலேயே உறவினர்களுக்கு எழுதுவான்: "ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டேன், அவசரமாகப் பணம் அனுப்பு." அப்படி ஒன்று வந்தால் பதில் எழுதாதீர்கள். போனில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள்.

கணக்குக்குள் புகாமலேயே பெயரைத் திருடுபவர்களும் உண்டு. 2004-இல் சென்னையில் ஒரு பெண்ணின் பெயரில் ஒருவன் பொய்யாக மெயில் கணக்குத் தொடங்கி, அவரைப் பற்றி ஆபாசமாக எழுதிப் பரப்பினான். முன்பின் தெரியாதவர்கள் அவருக்குப் போன் செய்து தொல்லை கொடுத்தார்கள். அவர் ஒடுங்கிப் போகவில்லை, போலீசுக்குப் போனார். சில மாதங்களிலேயே, அதே ஆண்டு நவம்பரில், எழும்பூர் நீதிமன்றம் அவனுக்கு இரண்டாண்டு கடுங்காவல் விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நம் நாட்டின் முதல் தண்டனைகளில் ஒன்று அது. பிறர் அடையாளத்தைத் திருடுவதற்கென்று தனிப்பிரிவு, 66சி, 2008 திருத்தத்தில்தான் வந்தது. மூன்றாண்டு வரை சிறை.

அந்தப் பெண்ணின் துணிவைத்தான் உங்களிடம் கேட்கிறேன். ஏமாந்ததை வீட்டில் சொல்லக் கூசி மறைப்பவர்கள் நிறைய. கூச்சப்பட வேண்டியவன் ஏமாற்றியவன். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்புண்டு. வந்த மெயிலை மட்டும் ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்ற தடயம் அதற்குள்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்