சிதைக்குப் போகும் தோல்

தமிழர் கொடைக்குப் பேர் பெற்றவர் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். புறாவுக்காகத் தன் தொடைத் தசையை அரிந்து கொடுத்த சிபியைச் சோழர் தம் குல முன்னோனாகக் கொண்டாடினர். கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரைக் கோயில்தோறும் வணங்குகிறோம். ஆயினும், இறந்தவரின் தோலைத் தானமாகத் தருவீர்களா என்று மரணவீட்டில் எவரேனும் கேட்டால், கேட்டவரைப் படலைக்கு வெளியே நிறுத்திவிடுவோம். அத்தகைய தானம் ஒன்று உண்டென்பதையே அறியாதார் நம்மிற் பலர்.

கண் தானம் இந்நாட்டுக்குப் புதிதன்று. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கத்தை நிறுவினார். 1964இல் இலங்கையரின் கண்கள் சிங்கப்பூர் சென்றன. பௌத்த மக்களிடையே அது புண்ணிய கருமமாகவே வேரூன்றிற்று. அச்சங்கமே 1996இல் கொழும்பில் மனித இழைய வங்கியொன்றையும் தொடக்கியது. கண்ணுக்குக் கிடைத்த மதிப்புத் தோலுக்கு ஏன் கிடைக்கவில்லை? தானம் பெற்ற கண்ணால் ஒருவன் ஆண்டுக்கணக்காக உலகைக் காணலாம். தானம் பெற்ற தோலோ இரண்டு மூன்று வாரங்களிற் கழன்று விழுந்துவிடும். நிலையாத கொடையை நம் மனம் கொடையாக எண்ணத் தயங்குகிறது போலும்.

ஆனால் அந்த மூன்று வாரத்திலேதான் உயிர் ஊசலாடுகிறது. உடலிற் பாதி வெந்தவனுக்கு நீர்ச்சத்து இடையறாது வடிகிறது. மூடுவாரற்ற புண்ணிற் கிருமி புகுகிறது. அவனது சொந்தத் தோலையே எடுத்து ஒட்டலாமெனில், எடுப்பதற்கு நல்ல தோல் எஞ்சியிருப்பதில்லை. அவ்வேளை இறந்தவரின் தோல் வேலியாக நின்று காக்கிறது. எஞ்சிய தோலை எடுத்த இடம் ஆறி, மீண்டும் எடுப்பதற்கு அவகாசம் தருகிறது. இரத்த வகை பொருந்தவேண்டுமென்பதும் இல்லை. 2009இல் நெருப்பின் கொடுமையை நேரிற் கண்ட வன்னி மக்களுக்கு எரிகாயம் இன்னதென்று நாம் விளக்கவேண்டியதில்லை.

பிரேதம் விகாரமாகிவிடும் என்ற அச்சமே பெருந்தடை. அது நியாயமான அச்சமே. தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் பிள்ளையை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆனால் முகத்தையும் கையையும் எவரும் தொடுவதில்லை. முதுகிலும் தொடையிலும் காலிலுமிருந்து அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த மெல்லிய படலமே சீவி எடுக்கப்படுகிறது. துணி சுற்றியபின் ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரமளவில் வேலை முடிந்துவிடும், ஈமக்கிரியைக்குத் தடையில்லை. சைவர்களாகிய நாம் அன்று மாலையோ மறுநாளோ தீக்குக் கொடுக்கப்போகும் தோல் அது. தீயினால் தோலிழந்தவனுக்கு அதைக் கொடுக்கமாட்டோம் என்பது என்ன ஆசாரம்?

1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இழைய தானத்துக்கு வழி வகுத்திருக்கிறது. எனினும் கடதாசியிற் கையொப்பமிட்டுப் பெட்டகத்திற் பூட்டி வைத்தவரின் விருப்பம் அவரோடேயே போய்விடும். குளிரூட்டப்படாத உடலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தோல் எடுக்கப்படல் வேண்டும். அழுகையும் பறையும் ஒலிக்கும் வீட்டில் அப்பொழுதா கடதாசியைத் தேடுவது? உயிரோடிருக்கும்போதே மனைவி மக்களிடம் சொல்லிவைத்தல் வேண்டும். வைத்தியர்களும் ஆசிரியர்களும் முதலிற் சொல்லட்டும். கமக்காரர் பின்வாங்குவர் என்று நாம் நம்பவில்லை. கண் கொண்டு கண்டதை அவர்கள் படித்தவர்களைவிட விரைவில் ஏற்பர்.

அரசினரிடமும் ஒன்று கேட்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஆறு மணிக் கணக்கு அத்தூரத்துக்கு ஒத்துவராது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பெரிய வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் தோல் எடுக்கப் பயின்றவர்களும், அதைப் பாதுகாத்து அனுப்பும் வசதியும் இருத்தல் வேண்டும். இறந்தவரின் உறவினரோடு தமிழிற் பேசி விளக்கக்கூடிய அலுவலர் ஒருவர் இரவிலும் அங்கே கடமையில் இருக்கவேண்டும்.