விடிந்தாலும் இறங்காத போதை

"ராத்திரி குடித்தது, தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டது" என்கிறார்கள் கல்மண்டபத்தில் டிரெய்லர் ஓட்டும் தோழர்கள் சிலர். தெளிந்தது தலை; ரத்தம் தெளியவில்லை!

60 கிலோ எடையுள்ளவர் இரவு 10 மணிக்கு 180 மில்லி பிராந்தி குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறும். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். தலைமுழுகினாலும் மோர் குடித்தாலும் அந்த வேகம் கூடாது. காலை 5 மணிக்கு இன்னும் 45 மிச்சம். சட்டத்தின் வரம்போ 30! அதைப்போல் இரண்டு பங்கு குடித்தவர் மறுநாள் மாலைவரை வண்டியைத் தொடக்கூடாது. லாரியானாலும் டிராக்டரானாலும் கணக்கு இதுதான்.

பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை. யாருக்கு? டிரைவருக்கு! 2003 முதல் தானே கடை நடத்தி, 2023-24-இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவில் சேர்த்த சர்க்காருக்கு என்ன தண்டனை? துறைமுக வாசலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தவரை விடியுமுன் மறு லோடுக்கு விரட்டும் முதலாளிக்கு என்ன தண்டனை? மோட்டார் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் வகுத்தார்களே, எந்த முதலாளி மதித்தான்?

ஆனால் தோழர்களே, அவர்கள் குற்றம் நம் குற்றத்தைக் கழுவாது. விடியற்காலை எண்ணூர்ச் சாலையில் நம் சக்கரத்தின் முன் வருபவர் முதலாளியல்ல. ஷிப்டுக்கு சைக்கிளில் போகும் தொழிலாளி, மீன்கூடை சுமக்கும் சகோதரி!

இரவு ஓய்வையும், லோடு கணக்கில்லாத மாதச் சம்பளத்தையும் சங்கமாய்த் திரண்டு போராடிப் பெறுவோம். குடித்த மறுநாள் காலை சாவியைத் தொடாதீர்!