எல்லை மாறினால் ஆட்டமும் மாறும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஒரு கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலருக்கு வினாத்தாளும் பட்டச் சான்றிதழுமே நினைவுக்கு வரும். அத்துடன் ஆடுகளமும் மாறுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறோமோ, அதன் கல்லூரிகளோடுதான் நாம் மோதவேண்டும். அதன் அணியில்தான் இடம் பிடிக்கவேண்டும்.

கடலூர் மாவட்டக் கல்லூரிகள் இந்த மாற்றத்தைப் பலமுறை கண்டவை. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதன் கீழ் வந்தோம். 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1929இல் தோன்றி, உறைவிடப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்ற சிதம்பரம், அதன்பின் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளுக்குத் தாய்வீடாயிற்று.

இதனால் நமக்கு நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். கடலூரிலிருந்து வேலூர் 150 கிலோமீட்டருக்கும் அப்பால். சிதம்பரமோ 50 கிலோமீட்டருக்குள். காலையில் பேருந்து ஏறி, ஆடிவிட்டு, இரவுச் சோற்றுக்கு வீடு திரும்பலாம். ஏழை மாணவனுக்கு இது சிறிய உதவி அன்று.

ஆனால் தூரம் குறைந்ததாலேயே வழி எளிதாகிவிடுமா? கபடி ஆட நாலு முழ மண் போதும். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் வேண்டும். 10 அடி உயரத்தில் வளையம் வேண்டும். வழுக்காத காலணி வேண்டும். ஆகவே கூடைப்பந்தில் வலுவான கல்லூரிகள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சிலவே இருக்கும். அந்தச் சிலவற்றில் எவை நம்மோடு சேர்கின்றன, எவை பிரிகின்றன என்பதைப் பொறுத்தே நம் ஆட்டத்தின் தரம் ஏறும் அல்லது இறங்கும். பல ஆண்டுகள் மோதிப் பழகிய வேலூர், திருவண்ணாமலைக் கல்லூரிகள் ஒரே ஆணையில் நம் போட்டிப் பட்டியலிலிருந்து மறைந்தன. விடுதியும் மைதானமும் உடற்கல்வித் துறையும் தன் வளாகத்திலேயே கொண்ட சிதம்பரத்தோடு இப்போது ஒரே வரிசையில் நிற்கிறோம்.

இத்தகைய மாற்றத்தை அமெரிக்கக் கல்லூரிகளும் சந்தித்தன. அங்கே 1979இல் தோன்றிய பிக் ஈஸ்ட் என்னும் கூட்டமைப்பு கூடைப்பந்துக்கே பெயர் பெற்றது. அமெரிக்கக் கால்பந்தின் தொலைக்காட்சிப் பணத்தை நாடிப் பல கல்லூரிகள் அதைவிட்டு வெளியேறின. கூடைப்பந்தையே உயிராய்க் கொண்ட ஜார்ஜ்டவுன், வில்லனோவா உள்ளிட்ட 7 கல்லூரிகள் சோர்ந்துவிடவில்லை. தாமே ஒன்றுகூடி, வேறு 3 கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு, 2013இல் பழைய பெயரிலேயே புதிய கூட்டமைப்பைத் தொடங்கின. வில்லனோவா 2016லும் 2018லும் தேசிய வாகை சூடியது. வேறு கூட்டமைப்பில் இருந்த கனெக்டிகட் 2020இல் திரும்பி வந்து, 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றது. அங்கே கல்லூரிகள் தாமே முடிவு செய்தன. இங்கே சட்டமன்றம் முடிவு செய்கிறது. எனினும் ஒத்த நாட்டமுடைய கல்லூரிகள் கைகோத்தால் மாற்றத்திலும் வாழலாம் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

இதிலே அப்படி என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "பந்து போட்டால் சோறு கிடைக்குமாடா?" என்று என் தாய் கேட்பதுண்டு. கிடைக்கும் என்பதே என் பதில். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் ஆடியவர் மத்திய அரசின் கடைநிலைப் பிரிவுப் பணிகளில் விளையாட்டு வீரர் என்ற தகுதியில் விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. ஆனால் கூடைப்பந்து அணியில் இடங்கள் 12 மட்டுமே. அந்தப் பன்னிரண்டில் ஓர் இடம் என்பது ஒரு குடும்பத்தின் விளக்கு!

"திறமை இருந்தால் வென்று காட்டு" என்பார் சிலர். சரி. ஆனால் மாலை வரை ஆய்வுக்கூடத்தில் நின்று, ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவனும், விடுதியிலிருந்து நாலு எட்டில் மைதானத்துக்குப் போகிறவனும் ஒரே கோட்டிலிருந்தா ஓட்டத்தைத் தொடங்குகிறார்கள்? சலுகை மதிப்பெண் கேட்கவில்லை. சமமான தொடக்கமே கேட்கிறோம்.

அதற்கு வழிகள் உண்டு. வீரர் தேர்வு ஒரே நாளில் முடிந்துவிடக்கூடாது; மாவட்ட அளவில் ஆடவைத்து, பல ஆட்டங்களைப் பார்த்துப் பொறுக்க வேண்டும். போட்டிகள் சிதம்பரம், கடலூர், விழுப்புரம் என ஆண்டுதோறும் இடம் மாறி நடக்க வேண்டும். விடுமுறையில் பல்கலைக்கழக மைதானத்தில் இணைப்புக் கல்லூரி மாணவருக்குப் பயிற்சி முகாம் வேண்டும். பேருந்துக் கட்டணமும் உணவும் தரப்பட வேண்டும். வேலூர்க் கல்லூரிகளோடு நட்பு ஆட்டம் ஆட எந்தச் சட்டமும் தடையில்லை. நாம் ஓர் அழைப்புக் கடிதம் எழுதினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இனியொரு முறை எல்லை வரையும்போது வகுப்பறையோடு ஆடுகளத்தையும் அரசு நினைவில் கொள்ளட்டும். வரைபடத்தில் ஒரு கோடு நகர்வது எளிது. அந்தக் கோட்டின் மேல் பந்தோடு நிற்பவன் ஒரு மாணவன். அவனையும் கேட்டுவிட்டுக் கோட்டை வரையுங்கள் என்பதே எம் வேண்டுகோள்.