துல்லியம் என்னும் சொல்

சொல்லுக்குப் பொருள் காண்பது தமிழாசிரியர் தொழில். போரைப் பற்றிப் பேச அவருக்கு என்ன உரிமை உண்டு என வினவுவார் உளராகலாம். போர்க்களத்திலே படைக்கலம் தொழிற்படுகின்றது. ஆயின், அப்போருக்கு முன்னும் பின்னும் மக்கள் உள்ளத்தை அதற்கு இசைவிப்பது சொல்லேயாகும். ஆதலின், அண்மை ஆண்டுகளிலே பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஓயாது வழங்கிவரும் ஒரு சொற்றொடரை எடுத்து ஆராய்வது எமது கடமைக்குப் புறம்பானதன்று. 'துல்லியத் தாக்குதல்' என்பதே அச்சொற்றொடர்.

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே இந்தியப் படையினர் காஷ்மீரத்துக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து தாக்கியபொழுது 'சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்' என்னும் ஆங்கிலத் தொடர் எங்கும் முழங்கிற்று. சத்திர வைத்தியர் நோயுற்ற உறுப்பை மாத்திரம் அறுத்து அகற்றி, ஏனைய உறுப்புக்களைக் காப்பதுபோன்ற தாக்குதல் என்பது அதன் கருத்து. அதனைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'துல்லியத் தாக்குதல்' எனப் பெயர்த்தன. 2019 பெப்ரவரி 26ஆம் திகதி பாலாகோட்டிலே விமானங்கள் குண்டு வீசியபொழுதும், 2025 மே 7ஆம் திகதி பாகிஸ்தானிலும் அதன் ஆட்சிக்குட்பட்ட காஷ்மீரத்திலும் ஒன்பது இடங்கள் தாக்கப்பட்டபொழுதும் அதே சொல் மீண்டும் மீண்டும் அச்சேறிற்று.

துல்லியம் என்பது வடமொழி வழி வந்த சொல். துலை, துலாம், துலாக்கோல் என்பனவெல்லாம் அதன் உறவினவே. ஒப்பாதல், நிறை சமமாதல் என்பது அதன் பழம்பொருள். எமது தெல்லிப்பழைக் கிணறுகளிலே நீரிறைப்பு யந்திரம் வருவதற்கு முன் நின்ற துலாவும் அக்குடும்பத்துப் பெயரே. துலாவின் மேலேறி மிதிப்பவனும் கீழே நின்று இறைப்பவனும் ஒருவரையொருவர் நோக்கியே தொழில் செய்தல் வேண்டும். மேலே நிற்பவன் கீழே நிற்பவனை மறந்தால் விபத்து நேரும். ஆகவே, துல்லியம் என்று ஒருவன் கூறுவானாயின் அவன் தராசின் இரு தட்டுக்களையும் பார்த்தவனாதல் வேண்டும். ஒரு தட்டிலே குறிவைக்கப்பட்ட இடம். மற்றைத் தட்டிலே அவ்விடத்தின் கூரைக்குக் கீழும் அயலிலும் வாழ்ந்த மக்கள். இரண்டாவது தட்டை நோக்காதவன் துல்லியம் என்னும் சொல்லை வழங்குதல் தகாது.

தாக்குதலை ஆதரித்தோரின் வாதத்தை யான் எளிதிலே தள்ளிவிடேன். 2025 ஏப்ரில் 22ஆம் திகதி பகல்காமிலே 26 பேர் கொல்லப்பட்டனர். மனைவியரின் கண்ணெதிரே கணவன்மார் சுட்டு வீழ்த்தப்பட்டனர். குடிகளைக் காத்தல் அரசின் முதற்கடமை. கொலைஞருக்கு இடங்கொடுக்கும் அயலரசு கேளாச் செவியினதாயின் வாளாவிருத்தல் எங்ஙனம் என்று அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வியே அது. கட்சி வேற்றுமை பாராது தலைவர்கள் அரசின் பக்கம் நின்றனர். சென்னையிலே முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மே 10ஆம் திகதி படையினருக்கு ஆதரவாகப் பேரணி நடத்தினார். பின்னர் வெளிநாடுகளுக்குச் சென்ற ஏழு தூதுக்குழுக்களுள் ஒன்றுக்குக் கனிமொழி தலைமை தாங்கினார்.

ஆயினும், கேள்வி நியாயமானதாயின் அதன் விடையும் நியாயமான முறையிலே ஆராயப்படல் வேண்டுமன்றோ? நடந்தது என்ன? மே 8ஆம் திகதி இரவு இந்தியத் தொலைக்காட்சி நிலையங்கள் பல, கராச்சித் துறைமுகம் தாக்கி அழிக்கப்பட்டதென முழங்கின. அது முழுப் பொய். எல்லைக்கு அப்பாலும் பொய்ச்செய்திகளுக்குக் குறைவிருக்கவில்லை. அவ்வேளையிலே எமது மாணவன் ஒருவன் கைப்பேசியை நீட்டி, "ஐயா, கராச்சி அழிந்துபோயிற்றாம்!" என முகமலர்ந்து கூறினான். கராச்சியிலே எத்தனை இலட்சம் மக்கள் வாழ்கின்றனர் என்று கேட்டேன். அவன் அறியான், அப்படி ஒரு வினா உண்டென்றே அவன் எண்ணியிருக்கவில்லை. பிள்ளையைக் குறை கூறிப் பயனில்லை. துறைமுகம் எரிவதாகக் காட்டியவர்கள் அங்கே மனிதர் இருப்பதாகக் காட்டவில்லை. அதே நாட்களிலே பாகிஸ்தானின் பீரங்கிக் குண்டுகளால் எல்லையோரப் பூஞ்சு நகரிலே குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் மாண்டுகொண்டிருந்தனர். கராச்சியின் கற்பனைத் தீ அவர்களை மறைத்துவிட்டது.

மே 10ஆம் திகதி போர் நின்றது. யூலை இறுதியிலே இந்தியப் பாராளுமன்றம் மூன்று நாள் விவாதித்தது. வீழ்ந்த விமானங்கள் எத்தனை, போரை நிறுத்தியவர் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப்தானா என்னும் வினாக்களே அங்கே உரத்து ஒலித்தன. உலகின் பிறபகுதியிலும் இதுவே நிலை. 2025 யூன் 22ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் ஈரானின் மூன்று அணு நிலையங்களைத் தாக்கியபின், அவை அடியோடு அழிந்தனவா, சில மாதங்கள் பின்தள்ளப்பட்டனவா என்று அந்நாட்டு அரசியலாரும் பத்திரிகையாளரும் வாதிட்டனர். யந்திரங்களின் கணக்கு நுணுக்கமாக எடுக்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் அக்கணக்கின் ஓரத்திலேயே நின்றனர்.

இவ்விவாதத்தைத் தொலைவிலிருந்து காணும் உரிமை யாழ்ப்பாணத்தாருக்கு இல்லை. ஓர் அரசு மற்றோர் அரசின் வானத்துட் புகுந்ததை நாம் எமது தலைக்கு மேலேயே கண்டவர்கள். 1987 மே 26ஆம் திகதி இலங்கை அரசு வடமராட்சியிலே தொடங்கிய படையெடுப்புக்கு 'விடுதலை' என்று பெயர். யூன் 3ஆம் திகதி நிவாரணப் பொருளுடன் இராமேஸ்வரத்திலிருந்து வந்த படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பிவிட்டது. மறுநாள் இந்திய விமானங்கள் போர்விமானங்களின் காவலோடு வந்து உணவுப்பொருளை வீசின. அந்நடவடிக்கையின் பெயர் 'பூமாலை'. இறைமை மீறப்பட்டதெனக் கொழும்பு கொதித்தது, சென்னை மகிழ்ந்தது, யாமும் முற்றத்திலே நின்று கைதட்டினோம். யூலை 29ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒக்டோபர் மாதத்திலே அதே நாட்டுப் படை யாழ்ப்பாணத்திலே போர் தொடங்கிற்று. அதன் பெயர் 'பவன்'. காற்று என்பது பொருள். அம்மாதத்திலேயே யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அச்சகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. விடுதலை, பூமாலை, காற்று, இப்பொழுது சிந்தூரம்! பெயர் இனிதாக இருக்குந்தோறும் பொருளை ஐயுறுதல் நன்று. கணவனை இழந்த மகளிரின் நெற்றியை நினைவூட்டும் ஒரு பெயரை வைத்தபின், அந்நடவடிக்கையைப் பற்றி வினா எழுப்புபவன் அம்மகளிரையே அவமதித்தவனாகத் தோன்றுவான். வாதத்துக்கு முன்னரே வாயை அடைக்கும் வலிமை பெயருக்கு உண்டு.

துல்லியத்தின் அளவையும் நாம் அறிவோம். எமது ஊருக்கு வடகிழக்கே பலாலி விமானத்தளம் உள்ளது. 1990ஆம் ஆண்டு போர் மூண்டபொழுது வலிகாமம் வடக்கைவிட்டு அகன்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் எம்முடையதும் ஒன்று. 1995 யூலை 9ஆம் திகதி நவாலிப் புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதன் சுற்றிலும் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் அதனை உலகுக்கு அறிவித்தபொழுது, அறிவித்தமைக்காகவே அரசாங்கம் அதனைக் கடிந்துகொண்டது. இறந்தவரை எண்ணுபவன் பகைவனாகக் கருதப்படும் நிலை எங்கெல்லாம் தோன்றுகின்றதோ, அங்கெல்லாம் தராசின் ஒரு தட்டு அறுத்தெறியப்பட்டதென்று கொள்க.

போரைப் போற்றிய பழந்தமிழர் இவ்வாறு இருந்தாரல்லர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், பசுக்கள், அந்தணர், பெண்டிர், பிணியாளர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோரைப் பாதுகாவலான இடத்துக்குச் செல்லுமாறு முன்னறிவித்தபின்னரே அம்பு தொடுக்கும் அவனது அறத்தைப் புகழ்கின்றார். அதனினும் எமக்கு இன்று வேண்டப்படுபவர் கோவூர் கிழார். நலங்கிள்ளி முற்றுகையிட, ஆவூர்க் கோட்டையுள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டிருந்தான். புலவர் அவனிடம் சென்று பாடிய பாட்டுப் புறநானூற்றிலே 44ஆவதாக உள்ளது. படையின் தொகையை அவர் பேசவில்லை. உணவின்றி வருந்தும் யானைகளையும், பாலின்றி அலறும் குழந்தைகளையும், பூவின்றி வறுந்தலை முடிக்கும் பெண்டிரையும், நீரின்றி வருந்தும் மனையோரின் அழுகுரலையும் ஒவ்வொன்றாகச் சுட்டினார். அறத்தை விரும்பினால் கோட்டையைக் கொடுத்துத் திற, மறத்தை விரும்பினால் போரிடத் திற, மதிலுக்குள் ஒளிந்திருத்தல் நாணத்தக்கது என்றார். இரண்டாவது தட்டை அரசனின் கண்முன்னே தூக்கிக் காட்டியவர் அவர். புலவரும் பத்திரிகையாளரும் செய்யத்தக்க தொழில் அதுவே.

இக்காலப் போரிலே முன்னறிவித்தல் இயலுமோ, பகைவன் தப்பிவிடானோ என்பர் சிலர். இருக்கலாம். அங்ஙனமாயின், முன்னே சொல்ல இயலாத அரசு பின்னே உண்மை சொல்லும் கடப்பாடு இரட்டிப்பாகின்றது. போர்க்காலத்திலே வினா எழுப்புதல் துரோகம் என்பர் வேறு சிலர். படைமாட்சியைப் பாடிய வள்ளுவரே, அதற்கு நெடுந்தூரம் முன்னே பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தை வைத்து, இடித்துக் கூறுவாரைத் துணையாகக் கொள்ளுதல் அரசனுக்கு அரண் என வற்புறுத்தினார். தெரிந்துசெயல்வகையும் வலியறிதலும் படையைப் பற்றிய அதிகாரங்களுக்கு முன்னரே வருகின்றன. அவ்வரிசையின் கருத்தைச் சிந்தித்தல் தகும்.

எமது பத்திரிகையாசிரியர்களுக்கு விண்ணப்பம் ஒன்று. அரசு எதுவாயினும், எம்முடையதாயினும் அயலாருடையதாயினும், அது தன் நடவடிக்கைக்கு இட்ட அழகிய பெயரை அவ்வாறே தலைப்பாக்காதீர். குண்டு வீசப்பட்டதாயின் குண்டுவீச்சு என்றே எழுதுக. எங்கே வீழ்ந்தது, அங்கே இருந்தவர் யாவர், அதனைக் கூறியவர் யார் என்னும் மூன்றையும் அறிந்து எழுதுக. அறியாதவழி 'தாக்குதல்' என்ற அளவில் நின்றால் போதும். துல்லியம் என்னும் அடைமொழியை, இரு தட்டுக்களையும் நிறுத்துப் பார்க்கும் நாள்வரை ஒதுக்கி வையுங்கள். ஆசிரியர்களாகிய யாமும் வகுப்பறையிலே, அச்செய்தியைக் கொண்டுவரும் பிள்ளையிடம் அங்கே வாழ்வோர் யாவர் என்று கேட்போமாக.