மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சல்: எங்கள் நிலைப்பாடு

காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் குழந்தையை, வரும்போதெல்லாம் புது நோயாளியாகப் பார்த்து ஊசி போட்டு அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த பெற்றோரும் குழந்தை மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. தன்னழற்சி நோய் கொண்ட குழந்தைக்கு, நோய் எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது காய்ச்சல்தான். அது வந்த தேதியும் தங்கிய நாளும் எங்கும் எழுதப்படவில்லை என்றால், பெரிய மருத்துவமனையில் எந்த நிபுணர் பார்த்தாலும் பாதிக் கதைதான் தெரியும்.

தன்னழற்சி நோய் என்றால், கிருமி எதுவும் உள்ளே வராமலே உடலின் எதிர்ப்பாற்றல் தானாகக் கிளம்பி உடலைத் தாக்குவது. இவை அரியவை. டெங்கு, டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல், காசநோய் ஆகியவற்றைத்தான் நம் ஊரில் முதலில் தேட வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் காய்ச்சல் வந்துகொண்டே இருக்கும் குழந்தையைப் பற்றியே பேசுகிறோம்.

இந்த நோய்களில் நம் மருத்துவர்கள் அதிகம் சந்திப்பது சிஸ்டமிக் ஜே.ஐ.ஏ. எனப்படும் சிறார் மூட்டழற்சி. 1897இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் இதை விவரித்தார். பெயரில் மூட்டு இருந்தாலும் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். காய்ச்சலே முதலில் வரும். பெரும்பாலும் மாலையில் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறி, தானே இறங்கிவிடும். காலையில் குழந்தை விளையாடும். காய்ச்சலோடு தோன்றி அதோடு மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பு நம் குழந்தைகளின் கருத்த தோலில் எளிதில் கண்ணுக்குப் படாது. புறநோயாளிப் பிரிவு நடக்கும் காலை நேரத்தில் பார்க்கும் மருத்துவருக்குக் காய்ச்சலும் இல்லை, தடிப்பும் இல்லை. தாய் சொல்வதை நம்பினால்தான் உண்டு.

நோய் தெரிந்த பிறகு காய்ச்சலின் பொருள் இன்னும் கூடுகிறது. டொரண்டோவில் இந்தக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த மருத்துவர்கள், நோய் தொடங்கி ஆறு மாதம் ஆகியும் காய்ச்சல் நீடிப்பவர்களுக்கும், அதை அடக்க ஸ்டீராய்டு தேவைப்படுபவர்களுக்கும், கூடவே தட்டணு 6 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால், மூட்டுச் சிதைவு வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். டெங்குவுக்குப் பயந்து தட்டணு குறைகிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, கூடினாலும் கேடு என்பது புதுச் செய்திதான்.

அதைவிடக் கொடியது, காய்ச்சல் தன் போக்கை மாற்றிக்கொள்வது. மாலையில் வந்து இறங்கிய காய்ச்சல் இறங்காமல் நிற்கத் தொடங்கினால், மேக்ரோஃபேஜ் ஆக்டிவேஷன் எனும் உயிராபத்தான நிலை வந்திருக்கலாம். தட்டணு சரியும், ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் ஆயிரக்கணக்கில் ஏறும், அழற்சியை அளக்கும் இ.எஸ்.ஆர். குறையும். இ.எஸ்.ஆர். குறைந்ததைப் பார்த்து நோய் தணிந்துவிட்டதாக மகிழ்ந்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் இந்த அறிகுறிகள் டெங்குவைப் போலவே இருக்கும். இரண்டில் எது என்ற வாதம் பிறகு நடக்கட்டும். அன்றைக்கே குழந்தையைத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்ப வேண்டும்.

எல்லாத் தொடர் காய்ச்சலும் இப்படி மிரட்டுவதில்லை. ஐந்து வயதுக்குள் தொடங்கி, மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தொண்டைப்புண், வாய்ப்புண், கழுத்து நெறிகட்டுடன் வரும் பி.எஃப்.ஏ.பி.ஏ. காய்ச்சல் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். அந்தக் குழந்தைக்கு மாதாமாதம் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வீண்.

மறுபுறம், குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல் என்ற பரம்பரை நோய் உண்டு. துருக்கியர், ஆர்மீனியர், அரபியர், யூதர் இடையே மிகுதி. இந்தியாவில் மிக அரிது. ஒன்று முதல் மூன்று நாள் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, பிறகு ஒன்றுமில்லை. குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுத்துவிடுவதும் உண்டு. சிகிச்சை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். இதைத் தடுக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்து, ஜெயங்கொண்டம் பக்கம் பயிராகும் கண்வலிக் கிழங்கின் விதையிலும் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் விதையும் கிழங்கும் கொடிய நஞ்சு. மருத்துவர் அளந்து தரும் மாத்திரையைத் தவிர வேறு எந்த வடிவிலும் வாயில் வைக்கக் கூடாது. மாத்திரை எடுப்பவருக்குச் சளிக்கென்று கிளாரித்ரோமைசின் சேர்த்துக் கொடுத்தாலும் ஆபத்து.

காய்ச்சல் நின்றுவிட்டதே என்று இருந்துவிடவும் முடியாது. இடைப்பட்ட நல்ல நாட்களிலும் அழற்சி உள்ளே ஓடலாம், சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டும், சிறுநீரில் புரதப் பரிசோதனை சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டும்.

ஆகவே நாங்கள் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆறு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காய்ச்சல் குறிப்பேடு ஒன்று தரப்பட வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு வருகைப் பதிவேட்டைப் புரட்டி, காய்ச்சலுக்காக அடிக்கடி விடுப்பு எடுத்தவர் யார் என்று கேட்க வேண்டும். 2022இல் தொடங்கிய அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் இக்குழந்தைகளுக்கென மாதம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத பெரம்பலூரின் குழந்தைகளும் அங்கே வரட்டும். சிஸ்டமிக் ஜே.ஐ.ஏ.வுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய டோசிலிசுமாப் போன்ற ஊசிகள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் பரம்பரைக் காய்ச்சலுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால் மருத்துவர் அதைக் கேட்டே ஆக வேண்டும். குற்றம் சாட்டும் தொனி மட்டும் வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஊசி போடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். காய்ச்சல் மறுநாளே இறங்கும். கூடவே ரத்தப்புற்று இருந்தால் அதுவும் மறைந்துகொள்ளும். பெற்றோரே, மருத்துவர் கேட்காவிட்டாலும் தேதி, நேரம், எத்தனை டிகிரி, உடலில் தடிப்பு உண்டா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தடிப்பு தெரியும் நேரத்தில் கைபேசியில் படம் எடுத்து, அடுத்த முறை போகும்போது நோட்டோடு சேர்த்து மருத்துவர் முன் வையுங்கள்.